ஆம்பிளை முடிச்சு

அன்றைக்குக் காலை ஒன்பது மணிக்குள் என்னை வெறுக்கத் தொடங்கியவர்கள் இரண்டு பேர். ஒருத்தி என் மனைவி. இன்னொருத்தி பக்கத்துக் கடையில் விளக்குமாறு விற்க வந்தவள். அவளை அதற்கு முன்பு நான் பார்த்ததே கிடையாது. பன்னிரண்டு மணிக்குள் ஓர் அரசாங்க அதிகாரியும் சேர்ந்துகொண்டார். பதுளை டவுனில் எனக்குத் தெரிந்தவர்களே மொத்தம் அந்த மூன்று பேர்தான் என்பதால், ஊரே என்னை வெறுத்தது என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். நான் கவ்வாத்து வெட்டுகிறவன். முற்றிய தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிக் கழிக்கும் வேலை அது. மனைவி கொழுந்து எடுக்கிறாள். காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களைப் பிரித்து மலைக்கு அனுப்பும் நேரத்தில் கங்காணியைப்போல இருமிக் காட்டி எல்லாரையும் சிரிக்க வைப்பது எனக்கு உபதொழில். அதற்குச் சம்பளம் இல்லை, திட்டு மட்டும் உண்டு.

மனைவிக்குச் சில வருடங்களுக்கு முன் கால் முட்டி தேய்ந்துவிட்டது. மலை ஏறும்போது ஒன்றும் சொல்ல மாட்டாள். இறங்கும்போது என் குடும்பத்தாரை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லித் திட்டுவாள். அப்போதுதான் பொம்மை செய்ய ஆரம்பித்தாள். உள்ளே கம்பி, அதன்மேல் பழைய சேலைக் கிழிசல், கூந்தலுக்குக் கறுப்பு நூல், முதுகில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கொழுந்துக் கூடை. கொழுந்து எடுக்கிற பெண் பொம்மைகள் அப்புத்தளை, பண்டாரவளைக் கடைகளில் எல்லாம் தொங்கும். அவை பல்லைக் காட்டிச் சிரிக்கும். என் மனைவியின் பொம்மைகள் ஒன்றுகூடச் சிரிக்காது. புருவத்தை நெரித்துக்கொண்டு, "இப்ப என்னா வேணும்?" என்று கேட்பதுபோல நிற்கும். ஒரு தடவை, "கொஞ்சம் சிரிக்கிற மாதிரி தைச்சா என்ன புள்ள?" என்று கேட்டேன்.

"காலையில அட்டை கடியோட மலையில நிக்கிறவ எவ சிரிக்கிறா? நீங்க பாத்தீங்களா?"

நான் பார்த்ததில்லை.

பதுளையில் கைப்பணி விழா வைக்கிறார்கள், தோட்டத்து ஆட்களும் வரலாம் என்று ஒரு படிவம் வந்தது. விழாவில் வெறுமனே விற்றுவிட்டு வருவது மட்டும் இல்லை. அதிகாரிகள் கடை கடையாக வருவார்கள். அவர்கள் கண்முன்னால் பொருளைச் செய்து காட்ட வேண்டும். கைவேலை சுத்தமாக இருந்தால், வெள்ளைக்காரர்கள் வேன் நிறுத்தி இறங்குகிற சாலையோர விற்பனை நிலையத்தில் வருடம் முழுக்க ஓர் இடம். கூரையும் நாற்காலியும் உள்ள இடம். அந்த நாற்காலியைப் பற்றி மனைவி என்னிடம் ஒரே ஒரு தடவைதான் பேசினாள்: "அது கெடச்சா நான் மலை ஏற வேணாம்." அதற்கப்புறம் மூன்று மாதம் தைத்துக்கொண்டே இருந்தாள்.

அந்தப் படிவத்தை நிரப்பியது நான்.

தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எந்தக் கடுதாசி வந்தாலும் ஆம்பிளைதான் ஆபீசுக்குப் போவான். அவளுடைய லீவுக்கும், அவளுடைய மூக்குக் கண்ணாடிக்கும் கையெழுத்து என்னுடையது. ஒருமுறை அவள் பல் பிடுங்கப் போனபோது ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டில் கையெழுத்துப் போட்டதும் நான்தான். பல் மட்டும் அவளுடையது. ஆகவே 'கலைஞரின் பெயர்' என்ற கட்டத்தைப் பார்த்ததும் என் கை என்னைக் கேட்காமலே என் பெயரை எழுதிவிட்டது. கீழே 'உதவியாளர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் அவள் பெயரை எழுதினேன். எழுதும்போது, இவளையும் மறக்காமல் சேர்த்தோமே என்று என்மேல் எனக்கே ஒரு பிரியம் வந்ததை ஒத்துக்கொள்கிறேன்.

விழா நாளில் முதல் பஸ்ஸைப் பிடித்து, பண்டாரவளையில் மாறி, பதுளைக்குப் போய்ச் சேர்ந்தோம். எங்கள் குளிருக்குப் போட்ட ஸ்வெட்டரோடு பதுளை வெயிலில் இறங்கியதில் எனக்கு வியர்த்துக் கொட்டியது. அந்த வியர்வை வெயிலினால் வந்தது. மற்றது பிறகு.

பக்கத்துக் கடைக்காரி பசறைப் பக்கத் தோட்டத்தில் முப்பது வருடம் கொழுந்து எடுத்து ஓய்ந்தவள். மானாப்புல்லில் விளக்குமாறு கட்டி, கட்டு கட்டாக நிறுத்தி வைத்திருந்தாள். நான் மேசையை விரித்ததுமே குரல் வந்தது.

"பொம்மைக்காரரே, ஒங்க மேசை என் எடத்துல நாலு வெரல் வந்திருக்கு."

"நாலு வெரல்தானே அக்கா. மிச்சம் ஒரு வெரல நீங்களே வச்சுக்குங்க."

அவள் சிரிக்கவில்லை. ஒரு விளக்குமாற்றைத் தலைகீழாகப் பிடித்து, கட்டைப் பக்கத்தால் மேசையை நெம்பித் தள்ளினாள். எங்கள் பொம்மைகளில் பாதி குப்புற விழுந்தன. அவற்றை நிமிர்த்தப் போன என் மனைவி பாதியில் நின்றாள். கொட்டகைக் கம்பத்தில் மூன்று மொழியில் எழுதிய ஓர் அட்டை தொங்கியது. மனைவி எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். விரலை வைத்து வாசித்தாள்.

"இது யாரு பேரு?"

"என் பேருதான்."

"அது தெரியுது. கலைஞர் யாருன்னு கேட்டேன்."

"ஃபாரத்துல ஒரு கட்டம் இருந்துச்சு புள்ள..."

"கீழ இருக்கிறது?"

"அது... நீ. ஒதவியாளர்."

அந்தச் சொல்லை அட்டையில் மிகச் சின்ன எழுத்தில் எழுதியிருந்தார்கள். சுண்டு விரலால் மூடினால் மறைந்துவிடும். அவள் அப்படியே மூடிப் பார்த்தாள்.

"போயி மாத்திட்டு வாங்க," என்றாள். அவள் 'வாங்க' என்று மரியாதையை அழுத்திச் சொன்னால் நான் தோட்டத்தை விட்டே ஓடிவிட வேண்டும். இருபத்தேழு வருட அனுபவம்.

போனேன். விழா அலுவலகம் என்பது மைதானத்தின் ஓரத்தில் ஒரு கூடாரம். உள்ளே ஓர் அதிகாரி அம்மா ஓர் ஆளை எழுப்பி நிறுத்தித் திட்டிக்கொண்டிருந்தார். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பூக்களைத் தான் செய்தது என்று கொண்டுவந்தவராம் அந்த மனிதர். அவருடைய பையை ஒருவர் தூக்கி வெளியே வைத்தார். அதிகாரி சிங்களத்தில் சொன்னதில் எனக்கு முழுதாக விளங்கியது ஒன்றுதான்: பொய் எழுதிக் கொடுத்தவனுக்கு இங்கே இடமில்லை.

வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பேர்தான் இருந்தார்கள். நான் மரியாதை தெரிந்தவன். எனக்குப் பின்னால் வந்தவரை முன்னால் போகச் சொன்னேன். அவருக்குப் பின்னால் வந்தவரையும் போகச் சொன்னேன். அப்படியே பின்வாங்கிப் பின்வாங்கி, தேநீர்க் கடைக்கு வந்து சேர்ந்திருந்தேன். இரண்டு பிளேன்டீயோடு திரும்பினேன்.

"என்னா சொன்னாங்க?"

"மாத்திறலாம்னாங்க."

இந்தப் பொய்யை ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. வாய் சொல்லிவிட்டது. எனக்குக் கையும் வாயும் தனித்தனி நிர்வாகம்.

அவள் தேநீரைக் குடித்துவிட்டு, பாயை விரித்து, கம்பியையும் துணியையும் ஊசியையும் வரிசையாக எடுத்து வைத்து, அதிகாரிக்காகக் காத்து உட்கார்ந்தாள். முட்டியை மடக்கும்போது முகம் ஒரு நொடி சுருங்கியது. தலையைச் சீவி, நல்ல சேலை கட்டி வந்திருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. அடுத்த ஒரு மணி நேரத்தில் கழிவறைக்கு மூன்று தடவை போனேன். மூன்றாவது தடவை அங்கே நின்றுதான் அந்தத் திட்டத்தைக் கண்டுபிடித்தேன். அதிகாரி என் பெயரைக் கூப்பிட்டால், என் கையில் காயம். ஆகவே என் உதவியாளர் செய்து காட்டுவார். எல்லாருக்கும் நன்மை, யாருக்கும் தெரியாது. பொம்மைத் துணியில் ஒரு முழம் எடுத்து வலது கையில் சுற்றினேன். பூப்போட்ட சிவப்புத் துணி. அதைவிட நல்ல துணி கிடைக்கவில்லை.

பதினொரு மணிக்கு அதிகாரி அம்மா வந்தார். தமிழ் நன்றாகவே பேசினார். பொம்மைகளைப் பார்த்து, "ஏன் இவங்க எல்லாம் கோபமா இருக்காங்க?" என்று கேட்டார்.

"என்னையப் பாத்துத்தான் மிஸ்," என்றேன்.

அன்று நான் சொன்ன ஒரே உண்மை. அவரும் சிரிக்கவில்லை. காகிதத்தைப் பார்த்து என் பெயரை வாசித்தார். பாயில் உட்கார்ந்திருந்த என் மனைவி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மாற்றவில்லை என்பது அந்த ஒரு நொடியில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு அந்தப் பொம்மைகளில் ஒன்றாகிவிடலாம் போலிருந்தது.

"மிஸ், கையில காயம். கவ்வாத்துக் கத்தி பட்டுருச்சு. அதனால இவங்க..."

"எந்தக் கத்தி?" என்று விளக்குமாற்றுக்காரி அங்கிருந்து கேட்டாள். "ஒம்பது மணிக்கு இந்தக் கையாலதானே நாலு பருப்பு வடை தின்ன?"

"மூனு," என்றேன். இப்படித்தான் நான் மாட்டிக்கொள்வது வழக்கம்.

அதிகாரி கையை நீட்டினார். நான் பூப்போட்ட துணியை அவிழ்த்தேன். கீழே, என் ஆயுளில் அவ்வளவு ஆரோக்கியமாக இருந்திராத ஒரு கை.

"உக்காந்து செய்யுங்க," என்றார்.

என் மனைவி பாயில் கையை ஊன்றி எழுந்தாள். "உக்காருங்க," என்றாள் என்னிடம். "கலைஞர் நீங்கதானே."

உட்கார்ந்தேன். பார்த்திருக்கிறேனே, மூன்று வருடமாகத் தினமும் எதிரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேனே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் நான் பார்த்தது டீவியை. கம்பியை வளைத்தேன், அது ஆளாக வராமல் கொக்கியாக வந்தது. துணியைச் சுற்றினேன், பொம்மைக்கு நெஞ்சும் முதுகும் ஒரே பக்கத்தில் வந்தன. தலை வைத்தேன். தலை என்னைப் பார்க்க விரும்பாமல் திரும்பிக்கொண்டது. சுற்றிலும் ஆள் கூடிவிட்டது. வியர்வை கண்ணில் இறங்கியது. "பயப்படாதீங்க, பிள்ளை தலைகீழா இருக்கு, அதான் நேரமாகுது," என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னேன். பெரட்டுக் களத்தில் என்றால் இதற்குக் கைதட்டியிருப்பார்கள். அங்கே ஒருவர் செருமினார்.

கடைசியாகப் படங்கு. கொழுந்து எடுக்கிறவர்கள் பனியும் செடிக் குச்சியும் படாமல் இடுப்பைச் சுற்றிக் கட்டும் தடித்த சாக்குத்துணி அது. ஒவ்வொரு பொம்மைக்கும் மனைவி உரப்பையில் வெட்டி ஒன்று கட்டியிருந்தாள். நானும் ஒன்றைச் சுற்றி, கயிற்றைப் போட்டு, பல்லைக் கடித்து இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டேன். ஏதோ ஒன்று முடிந்தது. அதிகாரியிடம் நீட்டினேன்.

நடுவில் ஒரு கை வந்து பொம்மையைப் பறித்தது. விளக்குமாற்றுக்காரி.

"மிஸ், மேசையில இருக்கிறத இந்தாள் செய்யல. இங்க பாருங்க." எங்கள் மேசையிலிருந்து மனைவி செய்த பொம்மை ஒன்றை எடுத்து, இடுப்புக் கயிற்றின் நுனியை ஒற்றை விரலால் இழுத்தாள். முடிச்சு சட்டென்று அவிழ்ந்து, படங்கு கீழே விழுந்தது. "இது கொழுந்துக்காரி முடிச்சு. மலையில குளவி வந்துச்சுன்னா ஒரே இழுவையில படங்கக் கழட்டி வீசிட்டு ஓடணும். இல்லாட்டி கால் தடுக்கி விழுந்து அங்கயே கொட்டு வாங்கணும். எங்க தோட்டத்துலயும் இதேதான்." பிறகு என் பொம்மையின் கயிற்றை இழுத்தாள். அது அவிழவில்லை. இறுகியது. இன்னும் இழுத்தாள். இன்னும் இறுகி, பொம்மையின் இடுப்பு நெரிந்து, தலை முன்னால் தொங்கியது.

"இது வெறகு கட்டுற முடிச்சு. ஆம்பிளை முடிச்சு. இந்தா, ஒன் பொம்பள குளவி கொட்டிச் செத்துட்டா," என்று என் மடியில் போட்டாள்.

கூட்டம் அப்போதுதான் சிரித்தது. நாள் முழுக்க நான் கேட்ட சிரிப்பு அது ஒன்றுதான். அதுவும் என் சொந்த முயற்சியில் வந்ததில்லை.

எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். தமிழில் ஆரம்பித்து, பதற்றத்தில் எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்துக்குப் போய், நடுவில் 'சாரி மிஸ்' என்று ஏழெட்டுத் தடவை சொல்லி முடித்தேன். செய்தது எல்லாம் இவள், எழுதியது மட்டும் நான். அதிகாரி அம்மாவின் முகம் எங்கள் பொம்மைகளின் முகம்போல ஆகிக்கொண்டே வந்தது.

"அப்ப மூனு மாசமா எங்ககிட்ட பொய்ப் பத்திரந்தான் இருந்திருக்கு. காலையில நான் கூடாரத்துல இருந்தேன். வந்து சொன்னீங்களா?"

"வரிசை வரைக்கும் வந்தேன் மிஸ்."

"இந்தப் பதிவு ரத்து," என்று காகிதத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே என் மனைவி மறுபடியும் பாயில் உட்கார்ந்தாள். யாரும் சொல்லவில்லை. யாரையும் பார்க்கவும் இல்லை. என் மடியிலிருந்து பாயில் விழுந்து கிடந்த அந்த நெரிந்த பொம்மையை எடுத்து, பிரித்து, அதே கம்பியை நிமிர்த்தி, அதே துணியில் வேலையை ஆரம்பித்தாள். பத்து நிமிடம் இருக்கும். அதிகாரி அடுத்த கடைக்குப் போயிருக்கலாம், போகவில்லை. பொம்மை முடிந்தது. புருவத்தை நெரித்துக்கொண்டு நின்றது. அதிகாரி குனிந்து வாங்கி, இடுப்புக் கயிற்றை ஒரு விரலால் இழுத்தார். அவிழ்ந்தது.

"கை நல்ல கை," என்றார் மனைவியிடம். "ஆனா என் லிஸ்ட்டுல இந்தக் கைக்குப் பேர் இல்ல. நான் ஒன்னும் செய்ய ஏலாது. அடுத்த வருஷம் நீங்களே ஆபீசுக்கு வந்து ஃபாரம் எடுங்க. நீங்களே எழுதுங்க." என் பக்கம் திரும்பினார். "நீங்க வர வேணாம்."

"கைக்குப் பேர் எதுக்கு மிஸ்? அதான் கண்ணால பாத்தீங்களே," என்று விளக்குமாற்றுக்காரி அவரோடும் சண்டைக்குப் போனாள். அன்றைக்கு அவளுக்கு யாரையும் விட்டுவைக்கும் எண்ணம் இல்லை. அதிகாரி அடுத்த கடைக்கு நடந்தார். விளக்குமாற்றுக்காரி என்னைப் பார்த்தாள். "ஒரு வருஷம் மலை ஏறப் போறவ அவ. நீ நிக்கிற பாரு, மாலை போடுவாங்கன்னு."

திரும்பும் பஸ்ஸில் மனைவி எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இடம் காலியாகத்தான் இருந்தது. அதில் ஒரு புது மானாப்புல் விளக்குமாறு நின்றது. அன்று நாங்கள் வாங்கிய ஒரே பொருள். பண்டாரவளையில் ஒருவர் வந்து, "இங்க யாரும் இருக்காங்களா?" என்று கேட்டார். "இருக்காங்க," என்று விளக்குமாற்றைக் காட்டினாள்.

வீட்டில் பதினேழு நாள் பேச்சில்லை. பதினெட்டாம் நாள் அவளாகப் பேசினாள்.

"ஒங்க வேல ரெண்டு மணிக்கு முடியுதுல்ல?"

"முடியுது."

"நான் மேல இருந்து நிறுக்கிற எடத்துக்கு மூட்டையத் தூக்கிட்டு எறங்கணும். முட்டி தாங்கல. நாளையிலிருந்து நீங்க வந்து தூக்குங்க. அடுத்த விழா வரைக்கும்."

அப்படித்தான், கவ்வாத்துக்காரர்கள் எல்லாம் வேலை முடித்துக் குளித்துத் தலைசீவி லயத்து வாசலில் உட்காருகிற நேரத்தில், நான் மட்டும் மலை ஏறுகிறேன். கொழுந்து நிறுக்கும் இடத்தில் முப்பது பெண்களுக்கு நடுவில் மூட்டையோடு வரிசையில் நிற்கிறேன். நான் கேலி செய்த கங்காணி தினமும் என்னைப் பார்த்து என்னைப்போலவே இருமிக் காட்டுகிறார். நன்றாகத்தான் செய்கிறார். பெண்கள் அவருக்குச் சிரிக்கிறார்கள்.

புதுப் படிவத்துக்கு அவளே பதுளைக்குப் போனாள். ஒரு தடவையில் ஆகவில்லை. மூன்று தடவை போனாள். நான் பஸ் நிறுத்தம் வரைக்கும் போகலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். கொண்டுவந்து மேசையில் வைத்து, எழுத்து எழுத்தாக, ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை எழுதினாள். அவள் அடுப்படிக்குப் போன நேரத்தில் எட்டிப் பார்த்தேன். கலைஞரின் பெயர் என்ற கட்டத்தில் அவள் பெயர், கட்டத்தை விட்டு வெளியே போகும் அளவுக்குப் பெரிதாக. உதவியாளர் என்ற கட்டத்தில் ஒரு கோடு. அதிகாரி அம்மா போட்ட அதே மாதிரிக் கோடு.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். மலையில் நிற்கிறவன் படங்கு கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டாள். கட்டிவிடச் சொன்னேன், மாட்டேன் என்றாள். இடது இடுப்பில் கயிற்றை மடித்து, நுனியை உள்ளே விட்டு, ஒரு சுற்று. அவள் செய்தால் மூன்று நொடி. நான் கட்டி முடித்து, அவளுக்குக் காட்டிவிட்டு, மூட்டையைத் தூக்கக் குனிவேன். அப்போதுதான் பின்னாலிருந்து கத்துவாள்:

"குளவி!"

குளவி இல்லை என்று எனக்குத் தெரியும். அவள் சோதிக்கிறாள் என்றும் தெரியும். தினமும் இதே நேரம், இதே செடி. ஆனாலும் அந்தச் சத்தம் கேட்டதும் என் கை முந்திக்கொள்ளும். இழுக்க வேண்டிய நுனியை விட்டுவிட்டு மற்றதைப் பிடித்து இழுப்பேன். அது இறுகும். இறுகிய படங்கோடு நான் நாலடி ஓடி, வடிகால் கான் ஓரத்தில் தடுக்கி விழுவேன்.

அவள் மெதுவாக, முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து, எனக்கு மேலே நிற்பாள். புருவத்தை நெரித்துக்கொண்டு.

"அவுத்துட்டுத் திரும்பக் கட்டுங்க," என்பாள்.